மின்னிசையும் மிடற்றிசையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலை மட்டும் கூறி அமையவில்லை. அவள் ஆடிய அரங்கின் அளவையும், அவளுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறார். அவற்றுள் தண்ணுமை ஆசிரியனுக்குக் கூறிய இலக்கணம், இன்றைய இசையுலகை எண்ணிப் பார்க்கும்போது பெரிதும் வியப்புத் தருவது.

தண்ணுமை என்பது தோற்கருவி. யாழையும் குழலையும் எளிதில் அமுக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவேதான் அதைக் கையாள்பவனுக்குப் பொறுப்பும் மிகுதியாக விதிக்கப்பட்டது. யாழும் குழலும் பாடுவோர் மிடறும் இசைந்து ஒலிப்பது கேட்போர் செவியில் நன்கு விழவேண்டும். அதற்கேற்பத் தன் கருவியை அளவறிந்து எழுப்பவும் அளவறிந்து அடக்கவும் வல்லவனே அத்தொழிலில் முதல்வன் என்பது அடிகள் கருத்து. மற்றவற்றில் குறை நேர்ந்தால் நிரப்புவது ஆக்கல். மிகை நேர்ந்தால் மறைப்பது அடக்கல். இவ்விரண்டும் அளவு கடவாமல் நடைபெற வேண்டும்.

இன்று சென்னையிலோ கோலாலம்பூரிலோ ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினியின் முன் அமர்ந்து, நூறு தடங்களில் பதிவான ஒலிகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒலிக்கலவையாளர் செய்வதும் இதே வேலைதான். ‘மிக்சிங்’ என வழங்கும் இக்கலை மின்சாரத்தோடு பிறந்தது என்று எண்ணுவோர் பலர். கருவிகள் புதியன, கடமை பழையது. அக்கடமை கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் யார் யார் கைக்கு மாறியது, அம்மாற்றத்தில் தமிழ்ச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆராய்வது தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தருவதாகும்.

குழாய்முன் நின்ற காலம்

1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார். அக்காலத்து ஒலிப்பதிவில் மின்சாரத்திற்கு இடமே இல்லை. பாடுவோர் ஒரு பெரிய குழாயின் வாயருகே நின்று உரத்த குரலில் பாட, அக்குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒரு பக்கத்திற்குச் சுமார் 3 மணித்துளிகளே கிடைக்கும்.

அப்போது ஒலிக்கலவை எவ்வாறு நடைபெற்றது? மனிதரை முன்னும் பின்னும் நகர்த்துவதன் மூலமே நடைபெற்றது. பாடுவோர் குழாயை ஒட்டி நிற்பர். வயலின் சற்று அப்பால். தோற்கருவி அறையின் கோடியில். உச்ச சுரத்தில் பாடும்போது பாடகர் தலையைப் பின்னுக்கு வாங்க வேண்டும். மெல்லிய இடத்தில் முன்னுக்கு நீட்ட வேண்டும். பதிவு முடிந்தபின் திருத்த வழியில்லை. எனினும் இம்முறையில் ஒரு நன்மை இருந்தது. குழாய் மிகத் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் ஏற்றுக்கொள்ளாது. நடுவிலுள்ள மனிதக் குரலையே நன்கு ஏற்கும். எனவே கருவியின் குறைபாடே சொல்லுக்குக் காவலாயிற்று. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றோரின் இசைத்தட்டுகளைக் கேட்போர், கருவிகள் மங்கினாலும் சொல் மங்காமையை உணரலாம்.

1925இல் மேனாடுகளில் மைக்ரோபோன் வழியாகப் பதிவு செய்யும் முறை வந்தது. கூவிப் பாடவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. காதருகில் பேசுவதுபோல மெல்லப் பாடவும் இயன்றது. 1931இல் ‘காளிதாஸ்’ திரைப்படத்தோடு தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. 1938இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாடல் முறை கையாளப்பட்டது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்ற இப்பிரிவு, இசையைத் தனியே பதிந்து தனியே சீர்செய்யும் தொழிலுக்கு வழி திறந்துவிட்டது. தண்ணுமை ஆசிரியனின் கடமை, அரங்கிலிருந்த கலைஞன் கையிலிருந்து கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்த பொறியாளன் கைக்கு நகரத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

காந்த நாடாவும் மின்னொலியும்

பொறியாளனைக் கலைஞனாக்கியது காந்த நாடா. 1930களில் ஜெர்மனியில் உருவான நாடாப் பதிவுக் கருவி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. நாடாவை வெட்டலாம், ஒட்டலாம், பின்னோக்கி ஓட்டலாம், விரைவைக் கூட்டலாம், குறைக்கலாம். 1948இல் பாரிஸ் வானொலியைச் சேர்ந்த பியேர் ஷேஃபர் புகைவண்டியின் ஓசைகளையே மூலப்பொருளாகக் கொண்டு ஓர் இசையாக்கம் செய்தார். அப்போது அவர் பயன்படுத்தியவை இசைத்தட்டுகளே. நாடா வந்தபின் அம்முறை மேலும் எளிதாயிற்று. பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையத்தில், இயற்கையில் எக்கருவியிலும் இல்லாத ஒலிகளை மின்சுற்றுகளால் உண்டாக்கினர்.

அங்கு ஸ்டாக்ஹௌசன் 1956இல் அரங்கேற்றிய ஆக்கம் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் அவர் அதில் கலந்தார். சில இடங்களில் சிறுவன் பாடும் சொல் தெளிவாகப் புரியும். சில இடங்களில் பாதி புரியும். சில இடங்களில் சொல் கரைந்து வெற்றொலியாகிவிடும். சொல் புரிவதும் புரியாததும் தற்செயலாக நேர்வனவல்ல. இசையமைப்பாளன் வேண்டும் அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் கூடியவை என்று அவ்வாக்கம் காட்டியது. சொல்லைக் கரைப்பது ஒரு கலை என்றால், கரையாமல் காப்பதும் ஒரு கலையாதல் வேண்டும் அன்றோ?

1957இல் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் 8 தடங்கள் கொண்ட நாடாக் கருவியைச் செய்தளித்தது. ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு தடத்தில், வெவ்வேறு நாளில்கூடப் பதிந்து, இறுதியில் அளவறிந்து கலக்கலாம் என்றாயிற்று. 1964இல் ராபர்ட் மூக் தம் சிந்தசைசரை அறிமுகப்படுத்தினார். 1970களில் ஜமைக்காத் தீவில் கிங் டப்பி என்னும் ஒலிப்பொறியாளர், பிறர் பாடிய பாட்டில் குரலை நீக்கி, தாளத்தை முன்னிறுத்தி, எதிரொலியைப் பெருக்கி, அதே பாட்டைப் புதியதோர் இசையாக்கினார். கலவை மேசையே இசைக்கருவி ஆனதை அவர் கைவண்ணம் உலகுக்கு உணர்த்தியது.

ஆமதாபாத்தும் பம்பாயும்

இந்தியா இவ்வரலாற்றில் பின்தங்கி நின்றது என்று கருதுவது பிழை. 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரும் நாடாக் கருவிகளும் கொண்ட மின்னிசைக் கூடமொன்றை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாதுர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் சில ஆண்டுகள் அங்கே மின்னிசை ஆக்கினர். பின்னர் அந்நாடாக்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்த பின், 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன.

1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் மின்கருவிகளால் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையாண்டவை சப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: ஜூப்பிட்டர் 8 சிந்தசைசர், டி.ஆர். 808 தாளக் கருவி, டி.பி. 303 தாழ்சுரக் கருவி. இவற்றுள் 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. நம் இசையில் கமகம் வகிக்கும் இடத்தை அறிந்தவர்க்கு இவ்வசதியின் அருமை புரியும். வெளிவந்த காலத்தில் கவனிப்பாரற்றுப் போன அவ்விசைத்தட்டு, 2010இல் மறுபதிப்பாக வந்தபோது உலகையே வியக்க வைத்தது. இதே கருவிகளைக் கொண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகர இளைஞர்கள் சில ஆண்டுகள் கழித்து உருவாக்கிய நடன இசையோடு அது பெரிதும் ஒத்திருந்ததே காரணம்.

ஆயினும், சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டில் பாடும் மிடறு இல்லை. அங்கே தாளம் எவ்வளவு ஓங்கினாலும் சொல்லுக்கு ஊறு நேராது. தமிழ்நாட்டின் நிலை வேறு. தமிழர்க்கு இசை என்றால் பெரும்பாலும் பாட்டு. பாட்டு என்றால் சொல். ஆதலால் மின்னிசை கோடம்பாக்கத்திற்குள் நுழைந்தபோது பழைய கேள்வி புதிய வலிமையோடு எழுந்தது.

கோடம்பாக்கத்தின் மூன்று படிகள்

1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக அறிமுகமான இளையராஜா, இசைக்குழுவில் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுக்கும் முறையில் தேர்ந்தவர். அக்காலத்தில் இசைக்குழு முழுவதும் ஒருசேர வாசிக்க, பாடகரும் உடன் பாடுவது வழக்கம். அங்கே ஒலிக்கலவையின் முதற்பகுதி தாளிலேயே முடிந்துவிடும். குரல் எழும் இடத்தில் வயலின்கள் விலகும். குரல் மூச்சு வாங்கும் இடத்தில் குழல் நுழையும். ஆக்கலும் அடக்கலும் எழுதப்பட்ட இசைக்குள்ளேயே இருந்தன. 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாயின. வலம், இடம் என இரு திசை கிடைத்ததும் கருவிகளைப் பக்கங்களுக்கு நகர்த்தி, நடுவிடத்தைக் குரலுக்கு விட்டுவைக்க முடிந்தது. இது முதற்படி.

1983இல் ‘மிடி’ என்னும் பொதுமுறை வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்கருவிகளையும் கணினியையும் ஒன்றோடொன்று இணைக்க அது வழி செய்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்திற்கு இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். அப்பணியில் விசைப்பலகைக் கலைஞராகத் துணைநின்ற பத்தொன்பது வயது இளைஞர் திலீப், பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் எனப் பெயர் பெற்றவர் அவரே. இது இரண்டாம் படி.

மூன்றாம் படி 1992இல் வந்த ‘ரோஜா’. தம் வீட்டை ஒட்டி அமைத்த சிறு கூடத்தில் ரகுமான் இசையை அடுக்கடுக்காகக் கட்டினார். முதலில் கணினியில் தாளம், அதன்மேல் தாழ்சுரம், அதன்மேல் பிற கருவிகள், பாடகர் தனியே வந்து பலமுறை பாடுவார், அவற்றுள் சிறந்த பகுதிகள் தேர்ந்தெடுக்கப்படும். ஒலிப்பொறியாளர் எச். சிறீதர் இப்பணியில் அவருக்கு வலக்கையாக விளங்கினார். தேசிய விருதுகள் பெற்ற சிறீதர் 2008இல் மறைந்தார். ‘ரோஜா’வின் பாடல்களைச் சாதாரண ஒலிநாடாவில் கேட்டவரும் ஒன்றை உணர்ந்தனர்: ஒவ்வோர் ஒலிக்கும் தனியிடம் இருந்தது. தாழ்ந்த ஒலி தரையில் நின்றது. மணியோசை மேலே மிதந்தது. குரல் இடையில் நெருங்கி ஒலித்தது.

ஆயினும் இம்முறையில் ஓர் இடர் உண்டு. அனைவரும் ஒருசேர வாசித்த காலத்தில், ஒருவர் குரலை மற்றவர் அமுக்கினால் அங்கேயே காது அதைக் கண்டித்துவிடும். தனித்தனியே பதிவாகும்போது ஒவ்வொரு தடமும் தன்னளவில் முழுமையாகவும் கவர்ச்சியாகவும் இருக்க முயலும். ஐம்பது தடங்களும் முன்னே வர விரும்பினால் சொல் பின்னே தள்ளப்படும். வாத்திய ஓசையில் பாட்டின் சொல் அமிழ்கிறது என்ற குறை 1990களில் எழுந்ததற்கு இதுவே அடிப்படை. குறை மின்கருவியின் குறையன்று. அடக்கலை மறந்த கலவையின் குறை.

எழுத்திலக்கணமும் ஒலிக்கலவையும்

சொல் எவ்வாறு அமிழ்கிறது? இதைத் தமிழ் எழுத்துகளின் இயல்பு கொண்டே விளக்கலாம்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். பேச்சின் வலிமை பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே உயிரெழுத்துகளில் தங்கியிருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்று பிரித்தறிய உதவும் நுட்பங்கள் பெரும்பாலும் 1000 முதல் 4000 வரையுள்ள பகுதியில் அமைகின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3400 வரையுள்ள பகுதியை மட்டுமே கடத்திற்று. அதுகொண்டே மக்கள் உரையாடினர். லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றையும் செவி பிரித்தறிவது பெரிதும் இப்பகுதியில்தான். நா வளைந்து ஒலிக்கும் ழகரத்தில் குரலின் மூன்றாம் ஒத்ததிர்வு கீழிறங்குகிறது. அதே பகுதியில் கிதாரையும் விசைப்பலகையையும் கலவையாளர் உயர்த்திவிட்டால், பாடகர் ழகரத்தை எவ்வளவு செம்மையாக ஒலித்தாலும் அது கேட்போரை எட்டாது. தேர்ந்த கலவையாளர் ‘ஈக்வலைசர்’ கொண்டு, குரல் ஒலிக்கும் வேளையில் கிதாரின் அப்பகுதியைச் சிறிது தாழ்த்தி, குரலுக்கு வழி விடுவார். குரலின் ஒலியைக் கூட்டாமலேயே சொல் தெளிவாகிவிடும். அடக்கலால் ஆக்கும் வித்தை இது.

தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவு மறைப்பதில்லை. இது செவியின் இயற்கை. எனவே பெருமுரசும் தாழ்சுரமும் அளவு மீறினால் முதலில் பலியாவது மெய்யெழுத்து. இதற்கு மாற்றாக ‘கம்ப்ரசர்’ என்னும் கருவியை ஒரு சிறப்பு முறையில் பயன்படுத்துவர். குரல் எழும்போது இசை தானே சிறிது பணியும். குரல் நிற்கும்போது மீண்டும் நிமிரும். வானொலியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணி இசை தணிவதை அனைவரும் கேட்டிருப்பர். தண்ணுமை ஆசிரியன் விரலால் செய்ததை இங்கே மின்சுற்று செய்கிறது.

தமிழ்ச் சொல்லின் பொருள் பெரிதும் அதன் ஈற்றில் நிற்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றின் வேறுபாடு கடைசி மெய்யொன்றே. ஆனால் பாடுவோரின் மூச்சுத் தளர்வதும் அந்த ஈற்றில்தான். கருவிகள் இடைவெளி கண்டு பாய்ந்து நுழைவதும் அதே இடத்தில்தான். எனவே தமிழ்ப் பாட்டைக் கலப்பவர் ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலின் அளவைக் கையால் சிறிது உயர்த்திச் செல்ல வேண்டும். சொல்லின் முதற்பகுதியிலேயே அழுத்தம் தாங்கும் மொழிகளுக்குப் பழகிய கை, இவ்விடத்தைத் தவறவிடக் கூடும்.

எதிரொலி சேர்ப்பது இனிமை தரும். பெரிய கோயில் மண்டபத்தில் பாடியது போன்ற உணர்வை அது உண்டாக்கும். 1957இல் ஜெர்மனியில் செய்த இரும்புத் தகட்டு எதிரொலிக் கருவியும், 1976இல் வந்த மின்னெண் எதிரொலிக் கருவியும் இவ்வினிமையைக் கூடத்திற்குள் கொண்டுவந்தன. ஆனால் எடு, எட்டு என்னும் சொற்களை நோக்குக. இரட்டித்த டகரத்தில் நா அண்ணத்தைத் தொட்டு நிற்கும் ஒரு சிறு மௌனம் உண்டு. எழுத்துக்குள் அடங்கிய அம்மௌனமும் பொருளுடையது. எதிரொலி மிகுந்தால் முந்தைய உயிரின் நீட்சி அம்மௌனத்தை நிரப்பிவிடும். வல்லினத்தின் வலிமை குன்றும்.

சுருதியைத் திருத்தும் ‘ஆட்டோ டியூன்’ என்னும் மென்பொருள் 1997இல் வந்தது. அளவோடு கையாண்டால் அது பிழையை மறைக்கும். கடுமையாக இயக்கினால் சுரத்திற்கும் சுரத்திற்கும் இடைப்பட்ட வழுக்கலை அழித்துப் படிக்கட்டாக்கும். கமகமே உயிராக உள்ள இசைக்கு இதனினும் பெரிய இழப்பு இல்லை. மின்கருவி கமகத்திற்குப் பகை என்று இதனால் முடிவு செய்வது பொருந்தாது. உ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கருநாடக இசையின் அசைவுகளையெல்லாம் வாசித்துக் காட்டினார். ரகுமான் ‘டெல்லி 6’ படத்தில் 2009இல் கையாண்ட ‘கண்டினுவம்’ என்னும் கருவியில் தனித்தனிக் கட்டைகளே இல்லை. விரல் வழுக்கும் வழியெல்லாம் சுரம் வழுக்கும்.

மலைநாட்டுச் செவி

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. லெம்பா பெர்த்தாம் போன்ற பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த தமிழர்க்குப் பாட்டு வந்து சேர்ந்தது வானொலி வழியாகவும் கோயில் திருவிழா ஒலிபெருக்கி வழியாகவுமே. மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும், முன்னர்க் கூறிய பதிவுக் குழாயைப் போலவே, நடுவொலியை மட்டும் எடுத்துச் செல்வது. மத்தளத்தின் அடியோசை அதில் வராது. சீர்காழி கோவிந்தராசன், டி. எம். சௌந்தரராசன் ஆகியோரின் சொல் வரும். மலைச்சரிவைக் கடந்தும் எழுத்துச் சிதையாமல் வரும். இன்று அதே விழாக்களில் ஆளுயரப் பெட்டிகள் தாழ்சுரத்தை நெஞ்சதிர முழக்குகின்றன. சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இம்மாற்றத்திற்கு மலேசியத் தமிழரே ஒரு நல்ல விடையும் தந்துள்ளனர். ‘பொயட்டிக் அம்மோ’ குழுவின் வாயிலாக அறியப்பட்ட யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006இல் ‘வல்லவன்’ என்னும் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்கு இளையராஜா அமைத்த மெட்டொன்று அதில் புதுவடிவம் பெற்றது. சொல்லிசையில் சொல்லே தாளம். க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின எழுத்துகளின் வெடிப்பு முரசடியோடு போட்டியிடாமல் அதனிடையே விழ வேண்டும். ஆகவே கலவையில் குரல் முன்னிற்கும். தாளம் அதற்கு அடித்தளமாகும். தாழ்சுரம் மிகுந்த மின்னிசையிலும் தமிழ்ச் சொல் தலைநிமிர்ந்து நிற்கக்கூடும் என்பதற்கு இத்தொகுப்பு சான்று.

மற்றொரு சான்று உறுமி. வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அதன் ஒலி விம்மி வழுக்குவது, மின்கருவியின் தாழ்சுர வழுக்கலை நினைவூட்டும். யாழ்ப்பாணத்தில் சிறுபருவத்தைக் கழித்த இலண்டன் கலைஞர் மாயா அருள்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பில் உறுமியின் முழக்கத்தை மின்தாளத்தோடு இணைத்தார். தைப்பூசத்தில் மலேசியத் தெருக்களில் கேட்கும் அவ்வொலி உலக மேடை ஏறியது. மின்னிசை தமிழுக்கு அயலானது என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செவியே தீர்ப்பாளர்

2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு, அவர்தம் குடும்பத்தாரின் இசைவுடன், ரகுமான் உயிர்ப்பித்தார். முற்றிலும் கலந்துவிட்ட பழைய பதிவினின்று குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருளும் இன்று உண்டு. தண்ணுமை ஆசிரியனின் கடமையில் ஒரு பங்கு பொறியாளனிடமிருந்து கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கணினி தனக்குக் காட்டப்பட்ட பாடல்களிலிருந்தே அளவைக் கற்கிறது. சொல் அமிழ்ந்த பாடல்களை அதற்குக் காட்டினால் அமிழ்த்தவே கற்கும். எனவே இத்தலைமுறை எதை நல்ல கலவை என்று ஏற்கிறதோ அதுவே அடுத்த தலைமுறையின் இலக்கணமாகிவிடும்.

இது இசைவாணர்க்கு மட்டும் உரிய கவலையன்று. தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகள் பலருக்கு வகுப்பறைக்கு அப்பால் கிடைக்கும் தமிழ், பாட்டுத் தமிழே. அவர்கள் ழகரத்தையும் ஈற்று மெய்யையும் கேட்பது கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில். தேர்ந்த கலவையாளர்களும் தம் வேலையை முடிக்குமுன் பெரிய பெட்டிகளை அணைத்துவிட்டு, சிறிய பெட்டியொன்றில், தணிந்த ஒலியில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது தொழில் மரபு. அங்கே சொல் புரிந்தால் எங்கும் புரியும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அச்சோதனையை வகுப்பறையிலும் செய்யலாம். மாணவர் முன்பு கேட்டிராத ஒரு பாட்டைச் சிறு ஒலிபெருக்கியில் இருமுறை ஒலிக்கச் செய்து, கேட்டதைக் கேட்டவாறே எழுதச் சொல்லலாம். 1960களில் வந்த பாட்டொன்றும், 1990களில் வந்ததொன்றும், சென்ற ஆண்டு வந்ததொன்றும் அடுத்தடுத்து வைக்கலாம். பின்னர் எழுதிய தாள்களைத் திருத்தும்போது, லகர ளகர மயக்கம் எங்கே நேர்ந்தது, வல்லினம் எங்கே மெலிந்தது, ஈற்றெழுத்து எங்கே விடுபட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்பிழைகளுள் மாணவன் செய்தவை எத்தனை, பாட்டைக் கலந்தவர் செய்தவை எத்தனை என்று பிரித்தறிவது தமிழாசிரியரின் செவிக்கு எளிது.